ஏரியின் நீரை எதைக்கொண்டு அளப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

40 ஹெக்டேர் நீர்ப்பரப்பு உள்ள ஓர் ஏரியில் நீர்மட்டத்தை 1 செ.மீ. தப்பாகக் குறித்தால், 4,000 கன மீட்டர் கணக்கில் தவறிப்போகும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 333 நடைத் தண்ணீர் அது. கோடையில் நாளுக்கு 5, 6 மி.மீ. ஆவியாகும் இடத்தில், அந்த 1 செ.மீ. பிழை இரண்டு நாள் ஆவியாதலை அப்படியே மறைத்துவிடும். ஆகவே கருவி வாங்கும் பேச்சுக்கு முன்பே, எதற்காக அளக்கிறோம், எவ்வளவு துல்லியம் போதும் என்பது தெளிவாக வேண்டும்.

வேடந்தாங்கல் போன்ற ஏரியில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்கு, குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். அதைக் கவனிக்க வாரம் ஓர் அளவும் 5 செ.மீ. துல்லியமும் போதும். கலங்கல் (ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்தோடும் சுவர்) வழியே எவ்வளவு வெளியேறியது என்று கேட்டால், 15 நிமிடத்துக்கு ஓர் அளவும் 1 செ.மீ. துல்லியமும் வேண்டும். நிலத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. மதகு மூடியிருக்கும் நாள்களில் மட்டம் மொத்தமாக 10 மி.மீ. இறங்கினால், அதில் 6 மி.மீ. ஆவியானது போக மீதி 4 மி.மீ.தான் மண்ணுக்குப் போனது. எந்தக் கருவியானாலும் ஒரே நாளில் அந்த 4 மி.மீ.யை நம்பிப் பிரிக்க முடியாது. மழையில்லாத பத்து நாள் இறக்கத்தைச் சேர்த்து எடுத்துப் பத்தால் வகுக்க வேண்டும்.

பாசன சங்கமோ கல்லூரித் துறையோ பறவை கணக்கெடுக்கும் குழுவோ, ஓர் ஏரியைத் தொடர்ந்து அளக்க முடிவெடுத்தால் கையில் இருப்பவை நான்கு வழிகள்: அளவுப் பலகை, தண்ணீருக்குள் தொங்கும் அழுத்த உணரி, மேலிருந்து பார்க்கும் ஒலி அல்லது ரேடார் உணரி, செயற்கைக்கோள் படம்.

அளவுப் பலகை

1 மீட்டர் நீளத்தில், செ.மீ. கோடு போட்ட எனாமல் பூசிய இரும்புத் தகடு. மொத்தச் செலவு, கல்லும் கான்கிரீட்டும் சேர்த்தே, சில ஆயிரம் ரூபாய். இதை நடுவதில்தான் பெரும்பாலான ஏரிக் கணக்குகள் முதல் நாளிலேயே கெடுகின்றன.

இடம், மதகுக்கு அருகில். ஏரியின் ஆழமான பகுதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், தண்ணீர் கடைசிவரை நிற்கும். ஆனால் மதகின் வாய்க்கு நேராக நடக்கூடாது. திறந்திருக்கும்போது இழுப்பில் மட்டம் சற்றுத் தாழும். நான்கைந்து மீட்டர் தள்ளி, கரையின் உட்சரிவில் படிப்படியாக மூன்று நான்கு தூண்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தகடு பொருத்த வேண்டும். கீழ்த் தகட்டின் உச்சியும் அடுத்த தகட்டின் அடியும் 10 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று வரட்டும். தண்ணீர் அந்த 10 செ.மீ.க்குள் நிற்கும் நாளில் இரண்டையும் படித்தால், தூண் எதுவும் இறங்கிவிட்டதா என்று உடனே தெரியும்.

பூஜ்யம் எங்கே என்பது அடுத்த கேள்வி. தாழ்ந்த மதகின் அடிமட்டத்துக்கும் கீழே வையுங்கள். அப்போதுதான் எந்த நாளிலும் கழித்தல் குறி வராது. கலங்கலின் உச்சி அந்தப் பலகையில் எந்த எண்ணில் வருகிறது என்பதை ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்து அளந்து, ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் நிலையான மட்டக்குறி ஒன்று போதாது. மதகின் கருங்கல்லில் உளியால் ஒன்று, கலங்கல் சுவரில் ஒன்று, கரைக்கு வெளியே பள்ளிக்கூடத் திண்ணை, கோயில் படி போன்ற அசையாத கட்டடத்தில் ஒன்று என மூன்று வேண்டும். கரை தானே அமுங்கும், கரிசல் மண் மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும். தூணும் அதோடு ஏறி இறங்கும். ஆட்டோ லெவலால் அளந்தபடி, வெளியிலிருக்கும் குறியிலிருந்து தொடங்கி, பலகைவரை போய்த் திரும்பவும் அதே குறிக்கு வந்து சேர வேண்டும். போன கணக்குக்கும் வந்த கணக்குக்கும் 3, 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி போய் வருவதே நல்லது. பருவமழை முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை தேவை.

படிக்கும் நேரம் காலை 8.30. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை அளவும் அதே நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. மழையும் மட்டமும் ஒரே நாளில் பொருந்தும். காலையில் அலையும் குறைவு. ஆடிக் காற்று வீசும் பிற்பகலில் படித்தால், காற்று தண்ணீரை ஒரு கரைக்குத் தள்ளி, அந்தப் பக்கம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் காட்டும். அலை இருந்தால் உச்சத்தையும் தாழ்வையும் பார்த்து நடுவை எழுத வேண்டும்.

பலகையில் வரும் பிழைகளுக்கு ஒரு முகம் உண்டு, ஏட்டைப் புரட்டினாலே தெரியும். எல்லா எண்களும் 0 அல்லது 5-இல் முடிந்தால், படிப்பவர் கரைமேல் நின்றே குத்துமதிப்பாக எழுதுகிறார். நேற்று 2.14, இன்று 1.13 என்று இருந்தால் தூண் மாறிப்போயிருக்கிறது. 1 மீட்டர் பிழை. ஒரு வாரம் தொடர்ந்து ஒரே எண் இருந்தால் அவர் வரவே இல்லை. தினமும் பலகையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வது இந்த மூன்றையும் தடுக்கும். படத்தில் நேரமும் பதிவாகும், பின்னால் சரிபார்க்கவும் முடியும்.

பலகையின் உண்மையான பலவீனம் இரவு. கார்த்திகை மாதத்து ராத்திரியில் கலங்கல் எவ்வளவு உயரம் வழிந்தது என்பதைக் காலையில் வருபவர் பார்க்க முடியாது. இதற்கு ஒரு மலிவான துணைக் கருவி உண்டு: பலகையோடு சேர்த்து நிற்கும் இரண்டங்குலக் குழாய், அடியில் துளைகள், உள்ளே ஒரு மரச்சட்டம், அடியில் ஒரு பிடி கார்க் தூள். தண்ணீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறி, உச்சத்தைத் தொட்ட இடத்தில் சட்டத்தில் ஒட்டி வளையமாக நிற்கும். காலையில் சட்டத்தை உருவி அளந்து, துடைத்து, மறுபடி வைக்கலாம். எத்தனை மணிக்கு அந்த உச்சம் வந்தது என்பதை இது சொல்லாது. ஆனால் உச்சம் எவ்வளவு என்பதை ஐயமின்றிச் சொல்லும்.

அழுத்த உணரி

கலங்கல் வழிவதுதான் உங்கள் கேள்வி என்றால் இங்கேதான் வர வேண்டும். அகன்ற உச்சியுள்ள கலங்கலில் வழிவின் அளவு, மீட்டரில் எடுத்த நீளத்தையும் வழியும் உயரத்தின் 1.5 அடுக்கையும் (உயரம் × உயரத்தின் வர்க்கமூலம்) 1.7-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 20 மீட்டர் நீளக் கலங்கலில் 30 செ.மீ. வழிந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 5.6 கன மீட்டர், மணிக்கு 20,000 கன மீட்டர். 2 செ.மீ. குறைத்துப் படித்தால் விடை 10 விழுக்காடு குறைகிறது. நாளுக்கு ஒரு வாசிப்பை வைத்துக்கொண்டு இதைக் கணக்கிடுவது வீண் வேலை.

பேனா அளவுள்ள எஃகுக் குழல், உள்ளே அழுத்த உணரி, நினைவகம், பல ஆண்டு வரும் பேட்டரி. 15 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஆண்டுக்கு 35,040 அளவுகள். விலை பல பத்தாயிரம். தண்ணீர் 1 செ.மீ. உயர்ந்தால் அழுத்தம் 0.98 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) கூடும். அதை வைத்தே மட்டம். ஆனால் உணரியின் தலைமேல் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை, அதற்கு மேல் காற்றும் நிற்கிறது. மொத்தத்தையும் சேர்த்துத்தான் அது அளக்கிறது.

நம் ஊர் போன்ற வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணியையும் இரவு 10 மணியையும் ஒட்டி உச்சம், மாலை 4, விடியற்காலை 4 வாக்கில் தாழ்வு. வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல். திருத்தாத பதிவில், அசையாமல் நிற்கும் ஏரி தினமும் 3, 4 செ.மீ. ஏறி இறங்குவதாகத் தெரியும். புயல் நெருங்கும்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் விழுந்தால் மட்டம் 20 செ.மீ. குறைந்ததாகக் காட்டும். ஏரி நிறைந்துகொண்டிருக்கும் அதே மணி நேரங்களில், நமது 40 ஹெக்டேர் ஏரியில் 80,000 கன மீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும்.

ஆகவே காற்றில் தொங்கும் இரண்டாவது உணரி கட்டாயம். இரண்டின் கழித்தல்தான் தண்ணீர். சமவெளியில் 10, 15 கி.மீ. சுற்றுக்குள் இருக்கும் பல ஏரிகளுக்கு அது ஒன்றே போதும். வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் வைக்காமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். கடிகாரத்தைக் கவனியுங்கள். ஒன்று இந்திய நேரத்திலும் மற்றது உலகப் பொது நேரத்திலும் ஓடினால் ஐந்தரை மணி வித்தியாசம். அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் ஆறு மணிக்கு ஒருமுறை திசை மாறுவதால், இந்த ஐந்தரை மணிப் பிழை கழிக்க வேண்டியதைக் கூட்டி, பொய் அலையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். திருத்திய பிறகும் காலை மாலை அலை தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கடிகாரத்தைத்தான்.

கேபிளுக்குள்ளேயே காற்றுக்குழல் வைத்த வகையும் உண்டு. அதற்குத் தனிக் காற்று உணரி வேண்டாம். ஆனால் குழலின் வாயில் ஈரத்தை உறிஞ்ச வைத்துள்ள சிலிக்கா ஜெல் நம் ஈரக்காற்றில் சீக்கிரம் நிறம் மாறிவிடும். மாற்றத் தவறினால் குழலுக்குள் நீர்த்துளி கட்டி, அளவு மெல்ல விலகும். மெல்ல விலகும் பிழை கண்ணில் படாது. மாதம் ஒருமுறை போக முடியாத ஏரிக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போது அளவெல்லையைப் பாருங்கள். துல்லியம் பெரும்பாலும் முழு எல்லையின் விழுக்காடாகத்தான் தரப்படும். 0.1 விழுக்காடு என்றால் 10 மீட்டர் உணரியில் 1 செ.மீ., 4 மீட்டர் உணரியில் 4 மி.மீ. மூன்று மீட்டர் ஆழ ஏரிக்குக் கிணற்றுக்கான 30 மீட்டர் உணரி வாங்குவது பணத்தையும் துல்லியத்தையும் சேர்த்து இழப்பது. இன்னொரு சிறு பிழை, நீரின் அடர்த்தி. 30 டிகிரி வெப்பத்தில் நீர் 0.4 விழுக்காடு லேசானது. மென்பொருளில் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1,000 கிலோ என்றே விட்டுவிட்டால் 3 மீட்டர் ஆழத்தில் 1.3 செ.மீ. குறைவாக வரும். வெப்பநிலையை உணரியே பதிவதால் இதைத் திருத்துவது சுலபம்.

பொருத்துவதற்குத் துளையிட்ட இரண்டங்குல பி.வி.சி. குழாயை மதகுச் சுவரில் இரும்புப் பட்டையால் இறுக்குங்கள். உணரியை எஃகுக் கம்பியில் தொங்கவிட வேண்டும். நைலான் கயிறு ஈரத்தில் நீளும், அந்த நீட்சி முழுவதும் மட்டப் பிழையாகும். தரையிலிருந்து 20 செ.மீ. மேலே நிற்கட்டும், இல்லையேல் முதல் வெள்ளத்தின் வண்டலில் புதைந்துவிடும். குழாயின் மூடிக்குப் பூட்டு வேண்டும். அதைவிட முக்கியம், அது என்ன என்பதை மீன் குத்தகைக்காரருக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுவது. எதற்கென்று தெரியாத குழாயைத்தான் பிடுங்கிப் பார்ப்பார்கள்.

ஒலி உணரியும் ரேடாரும்

தண்ணீரைத் தொடாமல் மேலிருந்து தூரத்தை அளப்பவை. ஒலி உணரி சில நூறு ரூபாய்க்கே கிடைப்பதால் கல்லூரி மாணவர் திட்டங்களில் முதலில் கை போவது இதற்குத்தான். வகுப்பறை வாளியில் அழகாக வேலை செய்யும், ஏரியில் பாடாய்ப் படுத்தும். ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு 0.17 விழுக்காடு மாறுகிறது. வெயிலில் சூடேறிய உறைக்குள் இருக்கும் வெப்பமானி, உண்மையான காற்றைவிட 10 டிகிரி கூடுதலாகக் காட்டினால், 3 மீட்டர் தூரத்தில் 5 செ.மீ. பிழை. நிழல் தட்டும், உறைக்கு வெளியே வெப்பமானியும் இல்லாமல் இதைப் பொருத்தக்கூடாது. ஆகாயத்தாமரை மிதந்து வந்து கீழே நின்றால், இலையின் மட்டம்தான் பதிவாகும். சிலந்தி வலை கட்டும், குளவி கூடு வைக்கும். தண்ணீர் பின்வாங்கியதும் சேற்றின் தூரத்தை நீர்மட்டமாகவே எழுதிக்கொண்டிருக்கும்.

ரேடார் உணரிக்கு வெப்பத்தால் சிக்கல் இல்லை, சில மி.மீ. துல்லியம் தரும், விலைதான் பெரிது. கற்றை 8 டிகிரி என்றால் 4 மீட்டர் கீழே 56 செ.மீ. வட்டத்தைப் பார்க்கும், அந்த வட்டத்துக்குள் மதகுச் சுவரோ ஏணியோ வரக்கூடாது. இரண்டுக்கும் பொதுவான நன்மை, அளவை உடனுக்குடன் கைப்பேசி வலையிலோ, இந்தியாவில் உரிமம் வேண்டாத 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் வானொலி) வழியிலோ அனுப்புவது சுலபம் என்பதுதான். கரை உடையும் ஆபத்துக்கு எச்சரிக்கை வேண்டும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வுக்கான தொடர் பதிவுதான் நோக்கம் என்றால் தேவையில்லை.

செயற்கைக்கோள் படம்

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் படங்கள் இலவசம். 10 மீட்டர் கட்டம் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர்), ஐந்து நாளுக்கு ஒருமுறை. பச்சைக் கதிரிலும் அகச்சிவப்பிலும் எதிரொளி எவ்வளவு வேறுபடுகிறது என்பதை வைத்துத் தண்ணீரைப் பிரிக்கலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 30 மீட்டர் கட்டத்தில் 1980-களுக்கே போகும். நாற்பதாயிரத்தை ஒட்டிய தமிழ்நாட்டு ஏரிகளில் பலவற்றை ஒன்றாகப் பார்க்கவும், கடந்த முப்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கவும் இதைவிட்டால் வேறு வழியே இல்லை. போன காலத்துக்குப் போய்ப் பலகை நட முடியாது.

ஆனால் அது பார்ப்பது பரப்பை, ஆழத்தை அல்ல. நமது 40 ஹெக்டேர் ஏரியின் சுற்றளவு 2.8 கி.மீ. என்றால், ஓரத்தில் அரைக் கட்டம் தவறினால் 1.4 ஹெக்டேர், அதாவது 3.5 விழுக்காடு போய்விடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏரி நிறையும்போது வானம் மூடியிருக்கும், வாரக்கணக்கில் படம் கிடைக்காது. சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், ஆனால் காற்றில் அலையடிக்கும் நீரைத் தரை என்று எண்ணிவிடும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி, கருவேல மரங்கள் நிறைந்த ஏரி இரண்டும், கலங்கல் தொட நிறைந்திருந்தாலும், படத்தில் பச்சை நிலமாகவே தெரியும். ஏரி வறண்டுவிட்டது என்று படத்தை மட்டும் பார்த்து எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் கரையில் நிற்க வேண்டும். ஆண்டுகளை ஒப்பிட ஜனவரிப் படம் நல்லது: வானம் தெளிந்திருக்கும், தண்ணீரும் இருக்கும்.

நீர்ப்பிடிப்பின் மேல்பகுதி மிகத் தட்டையானது என்பது இங்கே நமக்குச் சாதகம். 500-க்கு 1 என்ற சரிவில் மட்டம் 2 செ.மீ. இறங்கினால் நீர் ஓரம் 10 மீட்டர் பின்வாங்கும். ஒரு முழுக் கட்டம். மரமும் பாசியும் இல்லாத ஏரியில், படம் நாம் நினைப்பதைவிடக் கூர்மையான மட்டக் கருவி.

மட்டத்தைக் கொள்ளளவாக்குவது

நான்கில் எதை எடுத்தாலும், எந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் என்ற வளைகோடு வேண்டும். முறையான வழி, ஏரி வற்றியபின் 25 மீட்டர் இடைவெளியில் தரைமட்டம் எடுப்பது. மலிவான வழி ஒன்று உண்டு: தை முதல் ஆனிவரை ஏரி வற்றிக்கொண்டே வரும்போது, கிடைக்கும் ஒவ்வொரு தெளிந்த சென்டினல் படத்தின் பரப்பையும் அதே நாள் காலைப் பலகை அளவோடு ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு பருவத்தில் பதினைந்து இருபது புள்ளிகள் சேரும். அடுத்தடுத்த இரண்டு பரப்புகளையும், அவற்றின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி, இடையிலுள்ள உயரத்தால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் நடுவிலுள்ள நீர். 30 ஹெக்டேருக்கும் 40 ஹெக்டேருக்கும் இடையில் 50 செ.மீ. என்றால் 1,74,400 கன மீட்டர், அதாவது 6 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். அந்த ஆண்டு தண்ணீர் எதுவரை வற்றியதோ அதுவரைதான் இந்த வளைகோடு நிற்கும், அதற்குக் கீழே நீட்டக்கூடாது. வண்டல் மண் அள்ளிய ஏரியில் பழைய வளைகோடு செல்லாது.

எதை, எந்த வரிசையில்

முதல் ஆண்டில் பலகையும் படமும். வேறெதுவும் வேண்டாம். கலங்கல் வழிவது முக்கியம் என்றால் கார்க் தூள் குழாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் அழுத்த உணரி இரண்டு, ஒன்று நீருக்கு, ஒன்று காற்றுக்கு. பலகை இல்லாத ஏரியில் உணரியை மட்டும் இறக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கம்பி நழுவினாலோ உணரி விலகினாலோ அதைக் காட்டிக்கொடுக்க வேறெதுவும் இருக்காது, மூன்று ஆண்டுப் பதிவையும் குப்பையில் போட நேரும். மாதம் ஒருமுறை பதிவை எடுக்கும்போது, அந்த நிமிடத்துப் பலகை அளவையும் எழுதுங்கள். இரண்டின் வித்தியாசம் மாதத்துக்கு மாதம் ஒரே எண்ணாக நிற்க வேண்டும். 2 செ.மீ. நகர்ந்தால் அன்றே காரணத்தைத் தேடுங்கள்.

பட்ஜெட்டில் படிப்பவருக்கான ஊதியத்தைக் கருவிக்கு முன்னால் எழுதுங்கள். மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி அல்லது நீர்ப்பாய்ச்சி இதற்கு மிகப் பொருத்தமானவர். மதகு எந்த நாளில் எத்தனை சாண் திறந்திருந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அந்தத் தகவல் இல்லாமல் மட்டம் ஏன் இறங்கியது என்று எந்த உணரியாலும் சொல்ல முடியாது. அவருக்கு மாதாமாதம், தாமதமின்றிப் பணம் போக வேண்டும்.

பலகை துருப்பிடித்து மாற்ற வேண்டி வந்தால், பழையதை உடனே பிடுங்காதீர்கள். புதியதை இரண்டடி தள்ளி நட்டு, மூன்று மட்டக்குறிகளோடும் இணைத்து, ஒரு மாதம் இரண்டையும் சேர்த்துப் படித்து எழுதிய பிறகே பழையதை எடுங்கள்.